அச்சு அசலாக வருமா?

கல்லிடைக்குறிச்சியிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: "பூர்வீக வீட்டை விற்கிறோம். எல்லாவற்றையும் பாகம் பிரித்தாகிவிட்டது, நான்கு சாமான்களை மட்டும் பிரிக்க முடியவில்லை. ஆச்சியின் மீன் வடிவப் பல்லாங்குழி ஒன்று. பித்தளைக் குத்துவிளக்கு ஒரு ஜோடி, அதில் ஒன்றின் உச்சியில் இருந்த அன்னம் எப்போதோ தொலைந்துவிட்டது. இடியாப்ப உரலின் ஓட்டைத் தகடு. ஓர் ஓலைப் பெட்டி நிறைய அம்பாசமுத்திரத்து மரச்சொப்பு. உடன்பிறந்தவர்கள் நான்கு பேர். 3டி ஸ்கேன் செய்து பிரிண்ட் எடுத்தால் ஆளுக்கொன்று அச்சு அசலாகக் கிடைக்குமா? போனே போதுமா, மெஷின் வேண்டுமா?"

நான்கு சாமானுக்கும் ஒரே பதில் கிடையாது. பல்லாங்குழியை ஸ்கேன் செய்யுங்கள், ஆனால் பிளாஸ்டிக்கில் அச்சிட வேண்டாம், மரத்திலேயே குடைந்துவிடலாம். விளக்கின் அன்னத்தை ஸ்கேன் செய்து, அச்சிட்டு, அந்த அச்சை வைத்துப் பித்தளையில் வார்க்க வேண்டும். இடியாப்பத் தகட்டுக்கு 3டி ஸ்கேனே வேண்டாம், செராக்ஸ் கடை ஸ்கேனர் போதும். சொப்பு விஷயத்தில் எனக்குத் தீர்மானமான ஒரு கருத்து உண்டு, அதைப் பின்னால் சொல்கிறேன்.

பாளையங்கோட்டையில் பல வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே நினைப்போடுதான் வருகிறார்கள்: ஒரு பக்கம் பொருளை வைத்தால் மறுபக்கம் இன்னொன்று வந்து விழும் என்று. ஸ்கேனர் பார்ப்பது தோலை மட்டும்தான். ஒளி பட்டுத் திரும்பும் மேற்பரப்பில் லட்சக்கணக்கான புள்ளிகளை அளந்து, அவற்றை முக்கோணங்களால் இணைத்து ஒரு வலை பின்னுகிறது. உள்ளே மரமா பித்தளையா, கெட்டியா பொள்ளலா என்று அதற்குத் தெரியாது. உள்ளேயும் பார்ப்பது சி.டி. ஸ்கேன். ஆதிச்சநல்லூர் மாதிரி இடங்களில் மண்ணோடு எடுத்த ஒரு சிறு கலயத்தைக் கலைக்காமல் உள்ளிருப்பதைப் பார்க்க அது உதவும். வீட்டுச் சாமானுக்கு அவ்வளவு தேவைப்படாது.

நெல்லையப்பர் கோயில் மணிமண்டபத்து இசைத் தூண்களைத் தெரிந்திருக்கும். ஒரே கல்லில், நடுவே பருத்த தூணும் சுற்றிலும் மெல்லிய தூண்களுமாகக் குடைந்தவை. தட்டினால் சுரம் பேசும். அவற்றை மயிரிழை பிசகாமல் ஸ்கேன் செய்து, அதே உயரத்தில் பிளாஸ்டிக்கில் எழுப்பினாலும் தட்டினால் 'டொக்' என்றுதான் கேட்கும். சுரத்தில் பாதி தூணின் நீளத்திலும் தடிமனிலும் இருக்கிறது. மறுபாதி கல்லின் விறைப்பிலும் அடர்த்தியிலும் இருக்கிறது. அச்சு அசல் என்று நாம் சேர்த்தே சொல்லிப் பழகிவிட்டோம். இந்தத் தொழிலில் அந்த இரண்டு சொல்லையும் பிரித்து வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. மெஷின் தருவது அச்சு. அதற்கு மேல் அசலில் என்ன இருக்கிறது, அதில் உங்களுக்கு எது வேண்டும் என்று முதலில் முடிவு செய்துவிட்டால், எந்த வழியில் போவது என்பது தானே தெரிந்துவிடும்.

பல்லாங்குழியில் உங்களுக்கு வேண்டியது என்ன? ஏழும் ஏழும் பதினான்கு குழி, மீனின் செதில், வால், ஆச்சியின் கை பட்டு வழவழத்த விளிம்பு. எல்லாமே வடிவம். அதனால் இது ஸ்கேனுக்கு நன்றாகப் படியும், போனே போதும். ஆனால் போனில் எந்த வசதி என்பதில் பலர் தவறிவிடுகிறார்கள். ஐபோன் ப்ரோ வகைகளில், 2020ல் வந்த 12 ப்ரோ முதல், லைடார் என்று, லேசர் ஒளியால் தூரத்தை அளக்கும் ஓர் உணரி இருக்கிறது. அறையை அளக்கவும், சுவரும் தூணும் எங்கே என்று பதியவும் நல்லது. செதிலுக்கு ஆகாது, நுணுக்கமெல்லாம் வெயிலில் வைத்த மெழுகு மாதிரி மழுங்கிவிடும். உங்களுக்கு வேண்டியது போட்டோகிராமெட்ரி. சாதாரண ஆண்ட்ராய்டு போனில் பல கோணங்களில் படம் எடுத்தால், ஒரே புள்ளி ஒவ்வொரு படத்திலும் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று பார்த்து மென்பொருள் ஆழத்தைக் கணக்கிடும். நம் இரண்டு கண்ணும் செய்கிற வேலைதான், இங்கே கண்ணுக்குப் பதில் நூறு படம்.

காலையிலோ சாயங்காலமோ, திண்ணையில் வெயில் நேரே விழாத இடத்தில் பழைய பேப்பரை விரித்து அதன் மேல் பலகையை வையுங்கள். பேப்பரில் உள்ள எழுத்தும் படமும்தான் மென்பொருளுக்குப் பிடிமானம். வெள்ளை வேட்டியை விரித்தால் அதற்குப் பிடித்துக்கொள்ள ஒன்றும் இருக்காது. பலகையை நகர்த்தாமல் நீங்கள் சுற்றி வர வேண்டும். கிட்டத்தட்ட தரை மட்டத்தில் ஒரு சுற்று, சாய்வாக ஒரு சுற்று, மேலிருந்து ஒரு சுற்று. ஒரு படத்தில் தெரிவதில் முக்கால்வாசி அடுத்த படத்திலும் தெரிய வேண்டும். சுற்றுக்கு முப்பது, நாற்பது படம் ஆகும். பிறகு ஒவ்வொரு குழிக்கும் நேர் மேலே போனைப் பிடித்துத் தனியாக இரண்டு படம். இதை விட்டுவிட்டால் குழியின் அடி இருட்டில் மறைந்து, முடிவில் வலையில் அங்கே ஓட்டை விழும். போகஸையும் வெளிச்ச அளவையும் பூட்டிவிடுங்கள். ஜூம் வேண்டாம். பிளாஷ் கூடவே கூடாது: பிளாஷ் போட்டால் படத்துக்குப் படம் நிழல் இடம் மாறும், மென்பொருள் குழம்பிவிடும். மேல்பக்கம் முடிந்ததும் கவிழ்த்துப் போட்டு அடிப்பக்கத்துக்கு இதே வேலை. இரண்டையும் தனித்தனித் தொகுப்பாக வையுங்கள், பிறகு இணைத்துக்கொள்ளலாம். மடக்கும் பலகை என்றால் விரித்த நிலையில் எடுங்கள். கீலை மட்டும் கடையில் வாங்கிப் பொருத்துவதுதான் சரி.

மெஷ்ரூம் என்ற மென்பொருள் இலவசம், ஆனால் என்விடியா கிராபிக்ஸ் கார்டு உள்ள கணினி கேட்கும். கணினி இல்லாதவர்கள் பாலிகேம், கிரி எஞ்சின் போன்ற செயலிகளில் படங்களை ஏற்றினால் அவர்கள் சர்வரிலேயே கணக்கிட்டு உருவம் வந்துவிடும். வந்த வலையில் இருக்கும் சின்ன ஓட்டைகளையும் ஒட்டிக்கொண்டு வரும் பேப்பர் துணுக்குகளையும் மெஷ்லேபிலோ பிளெண்டரிலோ சுத்தம் செய்யலாம். பொறுமை இருந்தால் ஒரு மாலை நேரத்து வேலை.

முக்கியமானது அளவு. படத்துக்கு அளவு தெரியாது. பல்லாங்குழியும் பரிசலும் அதற்கு ஒன்றுதான். பொருளுக்குப் பக்கத்தில் ஓர் எவர்சில்வர் ஸ்கேலை வைத்தே படம் எடுங்கள், தனியாக வெர்னியரில் (பட்டறைகளில் இருக்கும் நுண்ணளவுகோல்) நீளம், அகலம், உயரம் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். ஒரு பழைய வீட்டின் மரக் குமிழை நகலெடுத்தபோது நான் ஸ்கேல் வைக்க மறந்து, உயரத்தை நினைவிலிருந்து போட்டுவிட்டேன். கதவில் வைத்துப் பார்த்தால் பக்கத்துக் குமிழைவிட விரற்கடை சின்னது. இரண்டு நாள் வேலை போயிற்று, அந்த வீட்டுக்காரரிடம் மறுபடி போய் நிற்க வேண்டியிருந்தது. இன்னொன்று, அச்சுக்குப் போகும் எஸ்.டி.எல். கோப்பில் அலகே கிடையாது. அதில் 300 என்று இருந்தால் அது மில்லிமீட்டரா அங்குலமா என்று கோப்பு சொல்லாது. கொடுக்கும்போது நீளம் இத்தனை மி.மீ. என்று எழுதியே கொடுங்கள்.

இனி அதை எதில் எடுப்பது? வீட்டு வகை பிரிண்டர்களின் மேடை பெரும்பாலும் 220 அல்லது 256 மி.மீ. சதுரம்தான். விரித்த மீன் பலகை அதற்குள் அடங்காது. துண்டு துண்டாக அச்சிட்டு ஒட்ட வேண்டும். ஒட்டினாலும் கையில் எடுத்த மாத்திரத்தில் காலி டப்பா மாதிரி இருக்கும். புளியங்கொட்டை குழியில் விழும்போது மரத்தில் கேட்கிற சத்தம் அதில் கேட்காது. அதே கோப்பைக் கதவு செதுக்கும் சி.என்.சி. (கணினி ஓட்டும் செதுக்கு மெஷின்) கடைக்குக் கொண்டுபோங்கள். வாசல் கதவில் லட்சுமியும் மயிலும் குடைகிற மெஷின்தான். அதன் கட்டர் மேலிருந்து கீழே இறங்குவது, அதனால் உள்வாங்கி மறையும் இடங்களைத் தொடாது. பல்லாங்குழியில் அந்தத் தொல்லை இல்லை, எல்லாக் குழியும் வானம் பார்த்தவை. தேக்கிலோ வேங்கையிலோ குடையச் சொல்லுங்கள். கட்டர் ஓடிய கோடு மெல்லியதாக நிற்கும், உப்புத்தாள் போட்டுத் தேய்த்து எண்ணெய் ஏற்றுவதை ஓர் ஆசாரியிடம் விட்டுவிடுங்கள். அசலில் விரிசல் ஏதும் இருந்தால் கோப்பில் அதை மூடலாமா என்று கடைக்காரர் கேட்பார். மூட வேண்டாம் என்பேன். அந்த விரிசலைத் தடவித்தானே நீங்களெல்லாம் விளையாடியிருப்பீர்கள்.

அடுத்தது அன்னம். ஜோடியில் ஒன்றில் அது இருப்பது பெரிய வசதி. ஸ்கேன் எடுத்து முடிக்கும்வரை அந்த விளக்கைப் புளி போட்டு விளக்க வேண்டாம் என்று வீட்டில் சொல்லி வையுங்கள். துலக்கிய பித்தளை ஸ்கேனருக்குப் பகை. ஒளி கேமராவுக்குத் திரும்பாமல் வேறு பக்கம் தெறித்துவிடும். மென்பொருளுக்கு விளக்கு தெரியாது, விளக்கில் தெரியும் ஜன்னல்தான் தெரியும். கண்ணாடி, எவர்சில்வர், கறுப்பு ரப்பர் எல்லாவற்றிலும் ஒளி சரியாகத் திரும்பாத கஷ்டம் உண்டு. மங்கிய பித்தளை எவ்வளவோ மேல். அதுவும் போதாவிட்டால் இதற்கென்றே வரும் தெளிப்பான்கள் இருக்கின்றன, வெள்ளையாகப் படிந்து சில மணி நேரத்தில் தானே ஆவியாகிவிடும். வெல்டிங்கில் விரிசல் பார்க்க அடிக்கும் வெள்ளை டெவலப்பர் ஸ்பிரேயும் உதவும், ஆனால் துடைத்தெடுக்க வேண்டும். இதெல்லாம் வீட்டு விளக்குக்கு மட்டும். பச்சை பூத்த பழைய செப்புத் திருமேனிகள் மேல் எதையும் தெளிக்கக் கூடாது. அந்தப் பச்சையே அதன் வயதின் பதிவு, அதைத் தொட அதற்கென்று படித்தவர்கள் இருக்கிறார்கள்.

இவ்வளவு சின்ன உருவத்துக்குப் போன் போதாது. கோடு கோடாக ஒளியை வீழ்த்தி, அந்தக் கோடுகள் உடம்பின் மேல் எப்படி வளைகின்றன என்று கேமராவால் பார்த்து அளக்கும் ஸ்கேனர் வேண்டும். நல்ல மெஷின் 0.1 மி.மீ.க்குக் குறைவான நுணுக்கத்தையும் பிடித்துவிடும், அலகும் இறகும் கூர்மையாக வரும். அந்தக் கோப்பை ரெசின் பிரிண்டரில் எடுக்க வேண்டும். திரவ ரெசினை ஒளியால் படலம் படலமாக இறுக வைக்கும் வகை அது. அதிலும் வார்ப்புக்கென்று ஒரு ரெசின் உண்டு. மெழுகுச் சிலைக்கு மண் பூசி, சுட்டு, மெழுகை வெளியேற்றி உலோகம் ஊற்றுகிறார்களே, அதில் மெழுகு நிற்கும் இடத்தில் இந்த ரெசின் நிற்கும், சூளையில் எரிந்து போகும். நகைப் பட்டறைகளில் இப்போது இது சர்வசாதாரணம்.

இங்கே இரண்டு விஷயம் கவனம். பித்தளை ஆறும்போது சுருங்கும், ஏறத்தாழ 1.5 சதவீதம். 60 மி.மீ. அன்னம் 59க்கு வந்து நின்றால் தண்டில் உட்காரும் இடம் ஒட்டாது. அதனால் கோப்பை முன்கூட்டியே அவ்வளவு பெரிதாக்கிவிட வேண்டும். எவ்வளவு என்று வார்க்கிறவரிடமே கேளுங்கள், அவர் கலவைக்கு ஏற்ப அது மாறும். இரண்டாவது, மரை. அன்னம் தண்டில் திருகித்தான் ஏறுகிறது. உள் மரையை ஸ்கேன் பார்க்காது, வார்ப்பும் ஒழுங்காகத் தராது. அந்த இடத்தைக் கட்டையாக வார்த்து, லேத்தில் மரை வெட்ட வேண்டும். பழைய விளக்கின் மரை இன்றைய அளவு எதற்கும் ஒத்துப்போகும் என்று நம்பி இருக்காதீர்கள், தண்டையே லேத் பட்டறைக்குக் கொண்டுபோய்விடுங்கள்.

விளக்கின் மற்ற பாகங்களை, தண்டு, தட்டு, பாதம் ஆகியவற்றை, ஸ்கேன் செய்வது வீண் வேலை. கடைந்த பொருள் எதற்கும் ஓரத்தின் கோடு ஒன்று போதும். அதை நடுக்கோட்டைச் சுற்றிச் சுழற்றினால் முழு உருவமும் வந்துவிடும். வெர்னியரும் ஒரு தாளும் இருந்தால் கடைசல்காரர் அரை மணியில் எடுத்துவிடுவார்.

வீட்டைக் காலி செய்யும்போது உடைந்த பாகங்கள் இன்னும் சில கைக்கு வரும்: தையல் மெஷின் பல்சக்கரம், ஜன்னல் கொக்கி, பழைய ரேடியோவின் திருகு. அதற்காக இந்தப் பிளாஸ்டிக் அச்சைப் பற்றியும் கொஞ்சம். நாசில் பிரிண்டர் என்பது உங்கள் இடியாப்ப உரல்தான், ஒரே ஓர் ஓட்டை, 0.4 மி.மீ. உருகிய இழையைக் கீழிருந்து மேலாக, படலத்துக்கு 0.2 மி.மீ. என்று பிழிந்துகொண்டே போகும். ரெசின் முறைக்கு அமெரிக்காவின் சக் ஹல் 1986ல் காப்புரிமை பெற்றார். இழை பிழியும் முறைக்கு ஸ்காட் கிரம்ப் 1989ல் விண்ணப்பித்தார். அந்தக் காப்புரிமை 2009ல் முடிந்தது. அதற்கு முன்பே, 2005ல், இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தில் ஏட்ரியன் போயர் யாரும் செய்துகொள்ளக்கூடிய ரெப்ராப் பிரிண்டர் திட்டத்தைத் தொடங்கியிருந்தார். இரண்டும் ஒன்றுசேர்ந்ததால்தான் என்னைப் போன்றவர்களின் மேசைக்கு இது வந்தது.

பழுதான இயந்திரப் பாகத்தை ஸ்கேன் செய்தால் தேய்மானமும் சேர்ந்தே நகலாகும். பற்களை எண்ணி, வெர்னியரில் அளந்து, ஃப்ரீகேட் போன்ற மென்பொருளில் புதிதாக வரைவதுதான் முறை. ஓட்டைகள் கொஞ்சம் சின்னதாகவே அச்சாகும், அதனால் ஒன்றுக்குள் ஒன்று நுழையும் இடத்தில் 0.2 முதல் 0.3 மி.மீ. வரை இடைவெளி விட வேண்டும். படலத்துக்கும் படலத்துக்கும் நடுவே பிடிப்பு குறைவு. விறகு பிளந்தவர்களுக்கு இது புரியும், நார் ஓடும் வாக்கில்தான் பிளக்கும். கொக்கியை நிற்க வைத்து அச்சிட்டால் இழுத்த இழுப்பில் ஒடியும், படுக்க வைத்து அச்சிட்டால் தாங்கும்.

நம் ஊர் வெயிலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பலரும் வைத்திருக்கும் பி.எல்.ஏ. இழை 60 டிகிரிக்குப் பக்கத்தில் இளகத் தொடங்கும். கதவடைத்து வெயிலில் நிறுத்திய காரின் டேஷ்போர்டு சித்திரையில் அதைத் தாண்டும். மொட்டை மாடித் தொட்டிக் குழாய்க்கு நான் ஒரு தாங்கி அச்சிட்டு மாட்டினேன். தையில் மாட்டியது, சித்திரையில் வளைந்து தொங்கியது. அன்றிலிருந்து வெளியில் இருக்கப்போகும் எதற்கும் ஏ.எஸ்.ஏ. இழைதான் போடுகிறேன், அது 100 டிகிரிக்குப் பக்கம் வரை தாங்கும், வெயிலிலும் எளிதில் வெளுக்காது. தென்காசிப் பக்கம் இருப்பவர்களுக்கு இன்னொரு தொல்லை. ஆனி, ஆடிச் சாரலில் இழை ஈரம் குடித்துவிடும். நாசிலில் சடசடவென்று வெடித்து, மேற்பரப்பு சொரசொரவென்று வரும். மெஷின் பழுது என்று நினைத்துக் கழற்ற வேண்டாம். நைலான், பெட்-ஜி என்ற இழைகள் ஈரத்தை நன்றாகக் குடிக்கும். பெட்-ஜியை 65 டிகிரியில் ஐந்தாறு மணி நேரம் காயவைத்தால் சரியாகிவிடும்.

இடியாப்பத் தகடு சுலபம். நன்றாகக் கழுவித் துடைத்துச் செராக்ஸ் கடை ஸ்கேனர் கண்ணாடி மேல் வையுங்கள், 300 டி.பி.ஐ.யில், அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளியாக, எடுக்கச் சொல்லுங்கள். ஒரு புள்ளி 0.085 மி.மீ. ஆகிறது, இடியாப்ப ஓட்டைக்கு அது தாராளம். படத்தை இங்க்ஸ்கேப் என்ற வரையும் மென்பொருளில் கோடாக மாற்றி, விட்டத்தை வெர்னியரோடு ஒப்பிட்டுச் சரிசெய்து, எவர்சில்வர் தகட்டில் லேசரால் வெட்டித் தரும் கடையில் கொடுத்தால் நான்கு தகடு கிடைத்துவிடும். பிளாஸ்டிக்கில் இதை அச்சிட்டுச் சமையலுக்கு எடுக்கவே கூடாது. படலங்களுக்கு நடுவே உள்ள நுண்ணிய பள்ளங்களில் மாவு தங்கிவிடும், எப்படிக் கழுவினாலும் போகாது. வெந்நீரில் பிசைந்த மாவின் சூட்டுக்கு பி.எல்.ஏ. இளகியும் போகும்.

சொப்புக்கு வருகிறேன். அம்பாசமுத்திரத்துச் சொப்பைப் பிளாஸ்டிக்கில் அச்சிடாதீர்கள். மஞ்சள்கடம்பு மாதிரி கடைவதற்கு இலகுவான மரத்தைக் கடைசல் பட்டறையில் சுழலவிட்டு, உளியால் கடைந்து, சுழலும்போதே வண்ண அரக்குக் குச்சியை அழுத்துவார்கள். உரசும் சூட்டில் அரக்கு உருகி மரத்தோடு பிடித்துக்கொள்ளும், பிறகு தாழை மடலால் தேய்த்து மெருகேற்றுவார்கள். அந்த அடுப்பும் குடமும் அம்மியும் ஆட்டுரலும் குழந்தை வாயில் வைத்துக்கொள்கிற சாமான். வரி வரியாகக் கீறும் பிளாஸ்டிக்கைக் கொடுத்து அதுவும் இதுவும் ஒன்று என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஒரு முறை அம்பை என்று நாங்கள் சொல்லும் அம்பாசமுத்திரத்தில் வயதான கடைசல்காரர் ஒருவரிடம் நான் அச்சிட்ட சொப்புக் குடம் ஒன்றைக் கொடுத்தேன். உள்ளங்கையில் வைத்து உருட்டிப் பார்த்தார். "உருவம் சரியாத்தாம் இருக்கு தம்பி. கடஞ்ச மரத்துக்குன்னு ஒரு கனம் உண்டுல்லா, அதக் காணமே" என்றார். உங்கள் பெட்டியிலிருந்து ஒவ்வொரு சாமானையும் அம்பைக்கே கொண்டுபோய்க் காட்டி, நான்கு செட் கடைந்து தரக் கேளுங்கள். அசலின் கோடு அவர்கள் கையிலேயே இருக்கிறது. பழைய சொப்பின் மங்கிய நிறமும் பல் பட்ட தழும்பும் நினைவுக்கு வேண்டுமென்றால் போட்டோகிராமெட்ரியில் எடுத்து வையுங்கள், நிறமும் சேர்ந்து பதிவாகும். அதைத் திரையில் சுழற்றிப் பார்த்துக்கொள்ளலாம்.

பிளாஸ்டிக் அச்சை நான் தாழ்த்திப் பேசுவதாக எண்ண வேண்டாம். அசலைத் தொடவே முடியாத இடத்தில் அதற்கு ஈடு கிடையாது. கிருஷ்ணாபுரம் வெங்கடாசலபதி கோயிலில் நாயக்கர் காலத்துக் குறவனும் கர்ணனும் வீரபத்திரரும் ஆளுயரத்துக்கு நிற்கிறார்கள். நரம்பும் நகமும் தெரியும். அந்தக் கல்லைத் தொட்டுத் தொட்டு எண்ணெய்ப் பிசுக்கு ஏற்றக் கூடாது. கண் தெரியாத ஒரு பிள்ளைக்கு அந்தக் குறவன் யார் என்று எப்படிச் சொல்வது? முழங்கை நீளத்தில் ஒரு நகல் இருந்தால் விரலால் பார்த்துவிடும். அதை ஸ்கேன் செய்வதும் எளிதல்ல. விரல்களுக்கு நடுவிலும் ஆயுதத்துக்குப் பின்னாலும் குடைந்து விட்டிருக்கிறார்கள், ஒளி அங்கே போகாது, நூற்றுக்கணக்கான கோணங்களில் எடுத்தாலும் சில இடங்களைக் கையால் நிரப்ப வேண்டிவரும். கோயில் பொருளுக்கு எழுத்து மூலம் அனுமதி வாங்காமல் கேமராவைக் கூட எடுக்கக் கூடாது.

அனுமதி ஏதும் வேண்டாத ஒன்றை நான் செய்தேன். விண்வெளி ஓடத்திலிருந்து 2000ல் அளந்த பூமியின் உயரக் கணக்கு எல்லோருக்கும் இலவசமாகக் கிடைக்கிறது. அதிலிருந்து பொதிகை மலையையும் தாமிரபரணியையும் எடுத்து, இரண்டு லட்சத்தில் ஒரு பங்காகச் சுருக்கினேன். 1,868 மீட்டர் அகத்தியர் மலை 9 மி.மீ.தான் வந்தது, விரலுக்குப் போதாது. உயரத்தை மட்டும் மூன்று மடங்காக்கி 28 மி.மீ. ஆக்கினேன். சுமார் 128 கி.மீ. ஓடும் ஆறு 64 செ.மீ. பள்ளக் கோடாக வந்தது. பார்வையில்லாத ஒரு பையன் மலை உச்சியிலிருந்து விரலை இறக்கிக்கொண்டே வந்தான், பாபநாசத்தில் நிறுத்தி, "இங்கன திடீர்னு தரை வந்துட்டே" என்றான். பிறகு ஆறு கடலில் சேரும் புன்னைக்காயல் வரை விரலை எடுக்கவில்லை. அந்தப் பலகையை ஒன்பது துண்டாக அச்சிட்டு ஒட்டினேன், ஒட்டிய இடம் இன்னும் கையில் தட்டுப்படுகிறது, அதை அடுத்த முறை சரிசெய்ய வேண்டும்.

உங்கள் ஊரைப் பற்றியே ஒன்று. கல்லிடைக்குறிச்சி குலசேகரமுடையார் கோயிலில் 1982ல் களவு போன நடராஜர், ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் ஒரு கலைக்கூடத்திலிருந்து 2019ல் திரும்பி வந்தார். தமிழ்நாட்டுச் சிலை வழக்குகள் பலவற்றில் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் பல பத்தாண்டுகளுக்கு முன் எடுத்து வைத்த படங்கள் சாட்சியாக நின்றிருக்கின்றன. எடுத்தவர்கள் அன்று அப்படி நினைத்து எடுத்திருக்க மாட்டார்கள். நீங்களும் மென்பொருள் செய்து கொடுத்த உருவத்தை மட்டும் வைத்துக்கொண்டு மூலப் படங்களை அழித்துவிடாதீர்கள். பத்து வருடம் கழித்து இதைவிட நல்ல மென்பொருள் வரும். அதே நூறு படத்திலிருந்து இன்று தெரியாத செதில் தெரியும். படங்களோடு ஒரு தாளில் பொருளின் எடை, மரம், அளவு, யார் வைத்திருந்தது, எந்தக் குழியில் யார் தோற்றீர்கள் என்பதுவரை எழுதி, அந்தத் தாளையும் படம் எடுத்து, நான்கு பேர் வீட்டிலும் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.

பத்திரப் பதிவுக்கு இன்னும் நாள் இருக்கிறது என்றால், சாமான்களை எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம், அவை உங்களோடு வரும். முதலில் வீட்டோடு போகிறவற்றை எடுங்கள்: முன்கதவும் அதன் குமிழ்களும், நிலைப்படியின் செதுக்கு, முற்றத்துத் தூணின் தலைப்பு. லைடார் உள்ள போன் யாரிடமாவது இருந்தால் கூடத்தையும் திண்ணையையும் அளவோடு பதிந்துவிடுங்கள், அதற்கு அது ஏற்றது. கதவை மட்டும் படங்களாக எடுங்கள், கிழக்குப் பார்த்த வாசல் என்றால் சாயங்காலம் நாலரை மணிக்கு மேல், தெருவில் நிழல் முழுக்க விழுந்த பிறகு.